பழையது வேறு, பழுதானது வேறு

 

எங்கள் பாடசாலையில் ஐந்து வருடமாகத் துணி போர்த்திக் கிடந்த பிரெயில் எம்போசர் மறுபடி ஓடுகிறது. செய்தி வெளியே போனதிலிருந்து "எப்படிச் செய்தீங்க?" என்று கேட்டபடி இருக்கிறார்கள். கேட்பவர்கள் ஆசிரியர்கள் மட்டும் இல்லை. கொட்டாஞ்சேனையில் எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கும் ஒரு சகோதரி கேட்டார். வெள்ளவத்தையில் கணக்கு எழுதும் ஒரு நானா, தன் பழைய மென்பொருளின் டொங்கிளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். எல்லோருக்கும் வருத்தம் ஒன்றுதான்: "சாமான் நல்லாத்தான் இருக்கு. புதுக் கொம்பியூட்டர்தான் அதைக் கண்டுகொள்ளுதில்லை." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட இங்கே ஒரேயடியாக எழுதி வைக்கிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றி. சாதாரண பிரின்டர் கடதாசியில் மை இடும். எம்போசர் தடித்த கடதாசியில் ஊசியால் குத்திப் புள்ளிகளை மேலெழச் செய்யும். பிரெயில் எழுத்து ஒவ்வொன்றும் ஆறு புள்ளிக்குள் அடங்கும். அந்த ஆறைக் கொண்டு 63 வடிவங்கள் செய்யலாம். தமிழில் 'அ' என்றால் முதலாம் புள்ளி மட்டும். 'க' என்றால் முதலாவதும் மூன்றாவதும். விரல் நுனி இதை வாசிக்கும்.

இரத்மலானைக்காரர்களுக்கு இது புதிய விஷயம் இல்லை. மேரி சாப்மன் அம்மையார் 1912இல் தொடங்கிய செவிப்புலனற்றோர், விழிப்புலனற்றோர் பாடசாலை நம் ஊரில்தான் இருக்கிறது. காலி வீதியில் 100, 101 பஸ்களில் வெள்ளைப் பிரம்போடு ஏறும் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்துப் பழகிய ஊர் இது. ஆனால் பார்வையில்லாத எல்லாப் பிள்ளைகளும் அங்கே போவதில்லை. சிலர் வீட்டுக்குப் பக்கத்துப் பாடசாலையில், மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். எங்களிடமும் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறாள். தரம் 9, தமிழ் மொழி மூலம்.

பொதுப் பரீட்சைக்கு அதற்கென்று ஏற்பாடுகள் உண்டு. தவணைப் பரீட்சைக்கு பாடசாலைதான் வழி பார்க்க வேண்டும். எம்போசரோடு வந்த பழைய கணினியின் மதர்போர்ட் போனபிறகு எங்கள் விசேட கல்வி ஆசிரியை பெர்கின்ஸ் பிரெயிலரில் ஒவ்வொரு எழுத்தாக அடித்துக் கொடுத்து வந்தார். எல்லாப் பாடத்துக்கும் அப்படிச் செய்து முடிக்க ஒருவரால் ஆகாது. முடியாத பாடங்களுக்குப் பக்கத்தில் இருந்து கேள்வியை வாசித்துக் காட்டுவோம். போன தவணை அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை சொன்னாள்: "மத்தவங்க ஒரு கேள்விய பத்துத் தரம் வாசிக்கலாம். நான் ரெண்டாம் தரம் கேக்கவே யோசிக்கணும், ரீச்சர்."

அதைக் கேட்ட பிறகுதான் அந்தத் துணியை எடுத்தோம்.

புதிய எம்போசர் ஒன்று வாங்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சிறியதற்கே சில ஆயிரம் டொலர் போகும். 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டதை யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் ஒரு பாடசாலையின் கையிருப்புக்கு எட்டுகிற விலை இல்லை. பழுது பார்க்கக் கொண்டுபோன ஒரு கடையில், "பழைய சாமான், வீசிட்டு வேற வாங்குங்க" என்றார்கள். மூடியைக்கூட அவர்கள் திறந்து பார்க்கவில்லை.

பெட்டிக்கு உண்மையில் நோய் எதுவும் இல்லை. சுவிட்ச் போட்டால் விளக்கு எரியும், சோதனைப் பக்கம் ஒன்றைத் தானே குத்தித் தரும். குறை வேறு இடத்தில் இருந்தது. ஒரு கருவியோடு கணினி பேசுவதற்கு இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதைத்தான் ட்ரைவர் என்கிறோம். எங்கள் எம்போசரின் ட்ரைவர் விண்டோஸ் எக்ஸ்பி காலத்து 32 பிட் ட்ரைவர். இன்றைய 64 பிட் விண்டோஸ் அதை ஏற்காது. ஆய்வுகூடத்தில் நாங்கள் பாவிக்கும் உபுண்டுவுக்கு அந்தக் கம்பனி ட்ரைவர் எழுதவே இல்லை. எக்ஸ்பிக்கு மைக்ரோசொஃப்ட் தந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே இனி இப்படி அநாதையாகும் கருவிகள் கூடத்தான் செய்யும்.

வழி என்ன? புதிய கணினிக்குள்ளேயே ஒரு பழைய கணினியை மென்பொருளால் கட்டுவது. இதற்குப் பெயர் வேர்ச்சுவல் மெஷின், தமிழில் மெய்நிகர் இயந்திரம். வெர்ச்சுவல்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அலுமாரியில் இருந்த எக்ஸ்பி சீடியையும் அதன் இலக்கத்தையும் கொண்டு அதற்குள் எக்ஸ்பியை நிறுவினோம். உபுண்டு திரையில் ஒரு ஜன்னல். அந்த ஜன்னலுக்குள் 2001ஆம் ஆண்டின் பச்சைப் புல்வெளியும் நீல வானமும். இதுவரை சுகமாகப் போனது. எம்போசரைக் குத்தினோம். எக்ஸ்பிக்கு அப்படி ஒரு சாமான் வந்ததே தெரியவில்லை.

இங்கேதான் பலரும் கைவிடுகிறார்கள். ஏன் அப்படி நடக்கிறது என்று விளங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நாலாம் மாடியில் இருக்கும் குடும்பத்துக்கு ஒரு பார்சல் வருகிறது. பார்சல் நேரே நாலாம் மாடிக்குப் போகாது. கீழே கேட்டில் இருக்கும் காவலாளி கையில்தான் முதலில் விழும். யாருக்கு என்று அவருக்குத் தெரிய வேண்டும், மேலே அனுப்ப அவருக்கு அனுமதி இருக்க வேண்டும், தன் கையிலிருந்து அவர் விடவும் வேண்டும். உபுண்டுதான் அந்தக் காவலாளி. எக்ஸ்பி நாலாம் மாடிக் குடும்பம். ஒரு பார்சல் ஒரே நேரத்தில் இரண்டு கையில் இருக்க முடியாது. வீஎம்வெயார் என்ற இன்னொரு மென்பொருளில், கருவியை உள்ளே இணைக்கும் மெனுவிலேயே "பிரதான கணினியிலிருந்து பிரித்து இணை" என்ற பொருளில்தான் எழுதியிருக்கும். முழு விஷயமும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. உள்ளே போக வேண்டுமென்றால் வெளியே விட வேண்டும்.

ஆகவே கேட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மாடியாக ஏறிப் பாருங்கள். நாங்கள் பார்த்த ஒழுங்கு இது.

ஒன்று, கேபிள். கேபிளை மாற்றிப் பாருங்கள். கணினியின் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத்தில், மதர்போர்டில் நேரே இருக்கும் துளையில் குத்துங்கள். யூ.எஸ்.பி. 2.0 துளை ஒன்று தருவது அதிகபட்சம் 500 மில்லி அம்பியர் மின்தான். தனி மின் இணைப்பு இல்லாத கருவியாக இருந்தால், மின் அடாப்டரோடு வரும் ஹப் ஒன்றைப் பாவியுங்கள்.

இரண்டு, பிரதான கணினிக்குத் தெரிகிறதா? உபுண்டுவில் டெர்மினலைத் திறந்து எல், எஸ், யூ, எஸ், பி என்ற ஐந்து சிறிய ஆங்கில எழுத்துகளை ஒட்டி டைப் செய்து என்டர் தட்டுங்கள். இணைந்திருக்கும் எல்லா யூ.எஸ்.பி. கருவிகளும் வரிசையாக வரும். கருவியைக் கழற்றி ஒரு தரம், குத்தி ஒரு தரம் பாருங்கள். புதிதாக வந்த வரிதான் உங்கள் கருவி. அந்த வரியில் நாலு எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, மறுபடி நாலு எழுத்து இருக்கும். முதல் நாலு செய்த கம்பனியின் அடையாளம், பின் நாலு பொருளின் அடையாளம். இரண்டையும் தாளில் எழுதி வையுங்கள், பிறகு தேவைப்படும். இங்கே தெரியாத கருவி உள்ளே ஒருபோதும் தெரியாது. விண்டோஸ்காரர்கள் இதே சோதனையை டிவைஸ் மனேஜரில் செய்யலாம்.

மூன்று, அனுமதி. உபுண்டுவில் வெர்ச்சுவல்பொக்ஸ் நிறுவும்போது 'விபொக்ஸ்யூசர்ஸ்' என்று ஒரு குழு உருவாகும். உங்கள் பெயர் அந்தக் குழுவில் இல்லையென்றால் யூ.எஸ்.பி. பட்டியல் உங்களுக்கு வெறுமையாகவே தெரியும். பெயரைச் சேர்த்தால் மட்டும் போதாது, ஒருமுறை வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். விண்டோஸில் இந்தப் படி இல்லை. நிறுவிய பிறகு ஒரு தரம் ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். விண்டோஸோடு வரும் ஹைப்பர்-வியைப் பாவிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எந்த யூ.எஸ்.பி. கருவியையும் இப்படி நேரே கையளிக்கும் வசதி அதில் பொதுவாக இல்லை. இந்த வேலைக்கு வேறு மென்பொருள் பாருங்கள்.

நான்கு, எந்த யூ.எஸ்.பி.? மெய்நிகர் இயந்திரத்தின் செட்டிங்கில் 1.1, 2.0, 3.0 என்று மூன்று தெரிவுகள் உண்டு. பெரிய இலக்கம் நல்லது என்று 3.0ஐப் போடத் தோன்றும். யூ.எஸ்.பி. 3.0 வந்தது 2008 நவம்பரில். எக்ஸ்பி வந்தது 2001இல். அந்தக் குடும்பம் அந்த மொழியைக் கேட்டதே இல்லை. எக்ஸ்பிக்கு 2.0 போடுங்கள். அதிலும் சரிவராவிட்டால் 1.1. வெர்ச்சுவல்பொக்ஸ் 7.0க்கு முந்திய பதிப்பு என்றால் 2.0க்கே தனியாக ஒரு எக்ஸ்டென்ஷன் பெக் போட வேண்டும், அதன் பதிப்பு இலக்கமும் பிரதான மென்பொருளின் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். 2022 ஒக்டோபரில் வந்த 7.0இலிருந்து இது கூடவே வருகிறது.

ஐந்து, பென் ட்ரைவ் சோதனை. பிரச்சினைக்குரிய கருவியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சாதாரண பென் ட்ரைவ் ஒன்றை உள்ளே அனுப்பிப் பாருங்கள். டிவைசஸ் மெனுவில் யூ.எஸ்.பி.க்குப் போய் அதன் பெயரில் சரி அடையாளம் போட்டால் போதும். அது எக்ஸ்பிக்குள் திறந்தால் இதுவரையுள்ள பாதை சுத்தம், இனித் தேட வேண்டியது கருவியோடு சம்பந்தப்பட்ட குறை மட்டும். பென் ட்ரைவும் போகாவிட்டால் மேலே சொன்ன நாலு படிக்குள்தான் குறை இருக்கிறது. இந்த ஒரு சோதனை எங்களுக்கு இரண்டு பின்னேரங்களை மிச்சப்படுத்தியது. ஒரு எச்சரிக்கை: அதே பட்டியலில் உங்கள் கீபோர்டும் மவுஸும் இருக்கும். அவற்றில் அடையாளம் போடாதீர்கள். அவையும் உள்ளே போய்விடும், வெளியே உங்களுக்குக் கை இருக்காது.

ஆறு, யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? எங்கள் பென் ட்ரைவ் போனது. எம்போசர் போகவில்லை. "இந்தக் கருவி முந்திய வேண்டுகோளில் மும்முரமாக இருக்கிறது, பிறகு முயலுங்கள்" என்ற பொருளில் ஒரு செய்தி வந்தது. பிறகு என்று எவ்வளவு நேரம் இருந்தாலும் அது மாறாது. பிரின்டர் மாதிரி ஒன்று வந்திருக்கிறதே என்று உபுண்டுவின் அச்சுச் சேவை நல்ல எண்ணத்தில் அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அச்சுச் சேவையை நிறுத்தினோம். எம்போசரைக் கழற்றி, பத்து விநாடி விட்டு மறுபடி குத்தினோம். செய்தி மறைந்தது.

ஏழு, பெயர் மாறும் கருவி. இதுதான் எங்களைக் கடைசிவரை சுற்றவிட்டது. எம்போசர் உள்ளே போனது, எக்ஸ்பி "புதிய கருவி" என்றது, நாலைந்து விநாடியில் மறைந்தது. மறுபடி அதே ஐந்தெழுத்துக் கட்டளையைத் தட்டி, தாளில் எழுதி வைத்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். முதல் நாலெழுத்து அதேதான். பின் நாலெழுத்து வேறு! சில கருவிகள் விழிக்கும்போது ஓர் அடையாளத்தோடு வந்து, தம்முடைய உள் மென்பொருள் ஏறியதும் இணைப்பை ஒரு தரம் விட்டு, வேறு அடையாளத்தோடு திரும்பி வரும். காவலாளிக்கு அது புதிய பார்சல். அது யாருக்கென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இதற்காகத்தான் யூ.எஸ்.பி. ஃபில்டர் என்ற வசதி இருக்கிறது. "இந்த அடையாளத்தோடு எது வந்தாலும் கேட்காமலே மேலே அனுப்பு" என்று முன்கூட்டியே எழுதி வைக்கிற சீட்டு அது. புதிதாக ஒரு ஃபில்டர் போட்டால் கம்பனி, பொருள், திருத்தம், தொடர் இலக்கம் என்று எல்லாக் கட்டங்களையும் மென்பொருளே நிரப்பிவிடும். ஒரு கட்டம் பொருந்தாவிட்டாலும் சீட்டு செல்லாது. நாங்கள் கம்பனி அடையாளத்தை மட்டும் விட்டு மற்ற எல்லாக் கட்டங்களையும் வெறுமையாக்கினோம். அதற்குப் பிறகு எம்போசர் எந்தப் பெயரில் வந்தாலும் நேரே நாலாம் மாடிக்குத்தான்.

எட்டு, உள்ளே ட்ரைவர். எக்ஸ்பியின் டிவைஸ் மனேஜரில் மஞ்சள் கேள்விக்குறி வந்தால் சந்தோஷப்படுங்கள். கருவி வந்துவிட்டது, மொழிபெயர்ப்பாளரைத்தான் தேடுகிறது என்று அர்த்தம். எம்போசரோடு வந்த சீடியைப் போட்டோம். கேள்விக்குறி போனது.

வினாத்தாளைப் பிரெயிலாக்குவதற்கு எக்ஸ்பி தேவையில்லை. லிப்லூயி என்ற திறந்த மூல மென்பொருளில் தமிழுக்கான அட்டவணை இருக்கிறது. யூனிகோட் தமிழில் டைப் செய்த வினாத்தாளை அது பிரெயிலுக்கு மாற்றித் தரும். விசேட கல்வி ஆசிரியை வரி வரியாகப் பார்த்துச் சரி செய்வார். பிறகு பென் ட்ரைவில் ஏற்றி எக்ஸ்பிக்கு அனுப்புவோம். எக்ஸ்பிக்கு இன்டர்நெட் கொடுக்கவில்லை. நெட்வேர்க் அடாப்டரையே அணைத்து வைத்திருக்கிறோம். பாதுகாப்புத் திருத்தங்கள் வராத ஒரு முறைமையை வெளி உலகத்தில் விடக்கூடாது. நீங்களும் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

முதலாவதாக ஓடியது வரலாறு பாட வினாத்தாள். எம்போசர் ஓடும் சத்தம் தகரக் கூரையில் மழை அடிக்கிற மாதிரி. பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். நாலு பக்க வினாத்தாள் பதினொரு பிரெயில் பக்கமாக விரிந்தது. பரீட்சை அன்று அந்தப் பிள்ளை யாரையும் கூப்பிடவில்லை. ஒரு கேள்வியில் விரலை வைத்தாள், அடுத்ததற்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி வாசித்தாள். எத்தனை தரம் வாசித்தாள் என்று யாரும் எண்ணவில்லை. எண்ண வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். கணிதமும் விஞ்ஞானமும் இன்னும் பெர்கின்ஸில் கையால்தான். குறியீடுகளையும் படங்களையும் இந்த வழியில் நம்பி விட முடியாது. தடித்த கடதாசியும் மலிவில்லை. ஆனால் ஒரு பெரிய நிம்மதி உண்டு. முன்பு அந்தப் பழைய கணினி செத்தபோது எல்லாமே நின்றது. இப்போது அந்தக் கணினி ஒரு ஃபைல். மூன்று இடத்தில் பிரதி எடுத்து வைத்திருக்கிறோம். ஆய்வுகூடக் கணினி நாளைக்கே நின்றாலும் வேறொன்றில் அதைத் திறந்து, ஃபில்டரைச் சரிபார்த்து, வேலையைத் தொடரலாம்.

நம் ஊரில் இருக்கும் புகையிரத வேலைத்தளத்தை யோசித்துப் பாருங்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இலிருந்து கனடாவிலிருந்து வந்த எம்2 டீசல் எஞ்சின்கள், ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று மாகாணப் பெயர்களோடு, எத்தனை தலைமுறையை இழுத்தன. இரும்பு பலமானது என்பது ஒரு காரணம். அந்த எஞ்சினின் உள்ளும் புறமும் தெரிந்த ஆட்களும், தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்த ஆட்களும் இருந்தார்கள் என்பது பெரிய காரணம். பழையது வேறு, பழுதானது வேறு என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த அறிவு ஆங்கிலத்தில் மட்டும் கிடந்தால் நம் பிள்ளைகள் அதற்கும் ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டியிருக்கும். அதனால்தான் இவ்வளவையும் தமிழில் எழுதினோம்.

மூன்று வேண்டுகோள்கள்.

பழைய ஸ்கேனர், பிரின்டர், டொங்கிள் எதுவானாலும் வீசுவதற்கு முன் இந்த எட்டுப் படிகளையும் ஒழுங்காகப் பாருங்கள். கருவியோடு வந்த சீடியையும் வீசாதீர்கள். சீடி போனால் எட்டாம் படியில் நின்றுவிடுவீர்கள்.

வீட்டிலோ அலுவலகத்திலோ எம்போசருக்கு ஏற்ற, இரு ஓரமும் துளையிட்ட தடித்த கடதாசி மிச்சம் இருந்தால் பாடசாலைப் பக்கம் வரும்போது கொண்டு வாருங்கள். பாதிப் பெட்டி என்றாலும் பரவாயில்லை.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை உங்கள் பக்கத்துப் பாடசாலையில் படித்தால் அந்த ஆசிரியர்களிடம் எங்களைப் பற்றிச் சொல்லுங்கள். வினாத்தாளை யூனிகோட் தமிழில் டைப் செய்து, பரீட்சைக்கு ஒரு கிழமை முன்னால் தந்தால், இன்ஷா அல்லாஹ், பிரெயிலில் அடித்துத் தருவோம். பெட்டி எங்களிடம் சும்மா இருக்கிற நாட்கள்தான் அதிகம்.